வீட்டு எடைக் கருவி: குறைந்த விலையில் எதை நம்பலாம்?

உடல் எடையை வீட்டிலேயே பார்த்துக் குறித்துவர விரும்புகிறவருக்குக் கடையில் மூன்று வகைக் கருவிகள் கிடைக்கின்றன: முள் சுழலும் ஸ்பிரிங் கருவி, எடையை மட்டும் எண்ணாகக் காட்டும் டிஜிட்டல் கருவி, மொபைல் செயலியோடு இணைந்து கொழுப்பு, தசை, எலும்பு என்று ஒரு பட்டியலையே நீட்டும் ஸ்மார்ட் கருவி. நான்கு கால்களிலும் எடையை உணரும் உறுப்பு (உணரி) கொண்டதும், 100 கிராம் வரை பிரித்துக் காட்டுவதும், வேறு அலங்காரம் ஏதும் இல்லாததுமான நடுவகை டிஜிட்டல் கருவியே பெரும்பாலான வீடுகளுக்குப் போதும் என்பது என் முடிவு. விலை ஏற ஏறத் துல்லியமும் ஏறும் என்று எதிர்பார்ப்பது இயல்புதான். ஆனால் இந்தப் பொருளில் கூடுதல் பணம் பெரும்பாலும் கண்ணாடிக்கும் திரைக்கும் ப்ளூடூத்துக்கும் செயலிக்குமே போகிறது. எடையை உணரும் உறுப்பு, மலிவான கருவியிலும் விலை கூடிய கருவியிலும் ஏறக்குறைய ஒரே இனத்தைச் சேர்ந்ததுதான்.

முள் கருவியை முதலில் பார்த்துவிடலாம். மேல்தட்டில் நாம் ஏறி நிற்கும்போது அடியிலுள்ள நெம்புகோல்கள் அந்தப் பாரத்தை ஒரு சுருள்வில்லிடம் கொண்டுசேர்க்கின்றன. வில் நீளும் அளவை ஒரு பற்சட்டமும் சிறு பற்சக்கரமும் முள்ளின் சுழற்சியாக மாற்றுகின்றன. பேட்டரி வேண்டாம், திரை பழுதாகும் என்ற கவலை இல்லை, பல ஆண்டுகள் உழைக்கும். ஆனால் வில் நாளடைவில் தளரும்; ஏறாமலே முள் அரைக் கிலோ தள்ளி நிற்கும் சுழிப்பிழை அடிக்கடி வரும். அதைத் திருத்த ஓரத்தில் ஒரு திருகு இருக்கும் என்றாலும், சுழியில் சரியாக நிற்கும் முள் 70 கிலோவிலும் சரியாக நிற்கும் என்பதற்கு உறுதி கிடையாது. இதன் மீச்சிற்றளவு, அதாவது இது பிரித்துக் காட்டும் மிகச் சிறிய அளவு, அரைக் கிலோவாகவோ ஒரு கிலோவாகவோ இருப்பதே வழக்கம். நின்ற நிலையில் குனிந்து பார்க்கும்போது கண் சற்றுச் சாய்ந்தாலும் இடமாறு தோற்றப் பிழை வேறு சேர்ந்துகொள்ளும். எப்போதாவது ஒருமுறை தோராயமாக எடை அறிய விரும்புகிறவருக்கு இது போதும். வாரத்துக்கு அரைக் கிலோ குறைகிறதா என்று கவனிக்க விரும்புகிறவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நான்கு உணரி கொண்ட டிஜிட்டல் கருவியின் ஒவ்வொரு காலிலும் உணரியாக ஒரு சிறிய உலோகத் தகடு இருக்கிறது. அதன்மேல் மெல்லிய மின்தடைச் சுவடுகள் ஒட்டப்பட்டிருக்கின்றன. நாம் ஏறும்போது தகடு கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. வளைவுக்கு ஏற்ப அந்தச் சுவடுகளின் மின்தடை மிகச் சிறிதளவு மாறுகிறது. நான்கு கால்களின் தடைகளையும் ஒரே வீட்ஸ்டன் சமனச்சுற்றாக இணைத்து, அதிலிருந்து வரும் நுண்ணிய மின்னழுத்த மாற்றத்தை எண்ணாக்கிக் காட்டுகிறார்கள். பள்ளி இயற்பியலில் படித்த அதே சுற்றுதான். அதை 1843-இல் பரவலாக அறியச் செய்தவர் ஆங்கிலேய அறிவியலாளர் வீட்ஸ்டன் என்றாலும், அவருக்குப் பத்து ஆண்டுகள் முன்பே சாமுவேல் ஹன்டர் கிறிஸ்டி என்ற இன்னோர் ஆங்கிலேய அறிவியலாளர் அதை விவரித்திருந்தார். நான்கு உணரிகளும் கூட்டாக இயங்குவதால், எடையை ஒரு காலில் சற்றுக் கூடுதலாகச் சாய்த்து நின்றாலும் மொத்தக் கணக்கு பெரிதாக மாறக் கூடாது. நடுவில் ஒரே உணரியை வைத்துச் செய்யப்பட்ட கருவிகளில் இந்த வசதி குறைவு. அதனால்தான் நான்கு உணரிகள் என்பதை ஒரு நிபந்தனையாகச் சொன்னேன்.

பெட்டியின்மேல் இரண்டு எண்கள் அச்சிடப்பட்டிருக்கும்: தாங்கும் உச்ச எடை 150 அல்லது 180 கிலோ என்றும், மீச்சிற்றளவு 0.1 கிலோ அல்லது 0.05 கிலோ என்றும். இரண்டாவது எண்ணைத் துல்லியம் என்று எடுத்துக்கொள்வதுதான் வாங்குவோர் இடையே மிகப் பரவலான குழப்பம். விளம்பரங்களும் அந்தக் குழப்பத்தைத் தீர்க்க முயல்வதில்லை. திரையில் 68.45 என்று காட்டும் கருவி உண்மை எடையிலிருந்து ஒரு கிலோ விலகியிருக்க முடியும். புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கங்களைக் காட்டுவது என்பது திரையை வடிவமைத்தவரின் விருப்பம். மருத்துவமனைகளில் பயன்படும், சட்டப்படி சோதித்து முத்திரையிட்ட கருவிகளின் நிலை வேறு. அவற்றுக்குச் சர்வதேச சட்ட அளவியல் அமைப்பின் ஆர் 76 என்ற பரிந்துரை, பிழைக்கு வரம்பு வகுக்கிறது. அதிலுள்ள துல்லிய வகுப்புகளில் மூன்றாம் வகுப்பில், 100 கிராம் பிரிவு கொண்ட ஒரு கருவி முதல் சோதனையின்போது 50 கிலோ வரை 50 கிராமுக்கு மேலும், அதற்குப் பிறகு 200 கிலோ வரை 100 கிராமுக்கு மேலும் பிழை காட்டக் கூடாது. பயன்பாட்டில் இருக்கும்போது இதைப்போல் இரு மடங்கு வரை பொறுத்துக்கொள்ளப்படும். வீட்டுக் கருவிகள் பெரும்பாலும் இந்தச் சோதனைக்கு உட்படுவதில்லை. ஆனால் இந்த வரம்பு ஒரு நல்ல அளவுகோலைத் தருகிறது: மருத்துவக் கருவிக்கே 100, 200 கிராம் விலக்கம் ஏற்கத்தக்கது என்றால், வீட்டில் 10 கிராம் துல்லியம் தருவதாகச் சொல்லும் விளம்பரத்தை எந்த அளவுக்கு மதிக்கலாம் என்பது விளங்கிவிடும்.

எடை மாற்றத்தைத் தொடர்ந்து பார்க்கிறவருக்கு முதன்மையாக வேண்டியது, அதே எடைக்கு அதே எண்ணைத் திரும்பத் திரும்பக் காட்டும் ஒழுங்கு. எப்போதும் 600 கிராம் கூட்டியே காட்டும் கருவி எவ்வளவு குறைந்தது, எவ்வளவு ஏறியது என்பதைச் சரியாகவே சொல்லும். ஒருமுறை 300 கூட்டி மறுமுறை 300 குறைத்துக் காட்டும் கருவி, சராசரியில் சரியாக இருந்தாலும், எதற்கும் உதவாது. ஆகவே புதிய கருவியில் மூன்று நான்கு முறை ஏறி இறங்கி எண் மாறுகிறதா என்று பார்க்கச் சொல்வது வழக்கம். இந்தச் சோதனை தேவையானதுதான், ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது.

டிஜிட்டல் கருவிகள் பலவற்றில் கடைசியாகக் காட்டிய எண் நினைவில் வைக்கப்படுகிறது. அடுத்து ஏறுகிறவரின் எடை அதிலிருந்து சில நூறு கிராமுக்குள் இருந்தால், புதிதாக அளந்ததைக் காட்டாமல் பழைய எண்ணையே மறுபடி காட்டிவிடுகின்றன. வாங்கியவர் மூன்று முறை ஏறி, மூன்று முறையும் 71.3 என்று பார்த்து மகிழ்ந்துபோகிறார்; அவர் பார்த்தது கருவியின் நினைவாற்றலை. எடை உண்மையாகவே 200 கிராம் குறைந்த நாளிலும் இதே எண்தான் வரும். பிறகு ஒரு நாள் திடீரென்று அரைக் கிலோ குறைந்ததாகக் காட்டும். என்னைக் கேட்டால், இந்தப் பொருளில் உள்ள மிகப் பெரிய குறை இதுதான், ஏனென்றால் இது நல்ல கருவியைப்போல நடித்து நம்மை ஏமாற்றுகிறது. கண்டுபிடிப்பது எளிது. ஒருமுறை ஏறி எண்ணைப் பாருங்கள். இறங்கி, திரை அணையும் வரை பொறுங்கள். பிறகு கால் லிட்டர் தண்ணீர் உள்ள புட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறுங்கள். எண் 0.2 அல்லது 0.3 கூடினால் கருவி நேர்மையானது. கொஞ்சமும் மாறாவிட்டால், ஒரு கனமான பையை மட்டும் தட்டில் வைத்து அந்த நினைவைக் கலைத்துவிட்டு, மறுபடி புட்டியோடு ஏறிப் பாருங்கள். இப்போது மட்டும் எண் கூடுகிறது என்றால் கருவி முன்பு மறைத்தது என்று பொருள். அப்படிப்பட்ட கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவதே நல்லது.

துல்லியத்தைச் சோதிக்கவும் தண்ணீரே போதும். அறை வெப்பநிலையில் ஒரு லிட்டர் தண்ணீரின் நிறை ஒரு கிலோவுக்கு இரண்டு மூன்று கிராமே குறைவு. குடத்தின் கொள்ளளவையோ கேனில் அச்சிட்ட லிட்டரையோ அப்படியே நம்ப வேண்டியதில்லை. சமையலறையில் ஒரு கிராம் வரை காட்டும் சிறிய தராசு இருந்தால், தண்ணீர் நிரப்பிய புட்டிகளை ஒவ்வொன்றாக அதில் நிறுத்து, மொத்தம் 10 கிலோ வருமாறு ஒரு பையில் அடுக்கிக்கொள்ளலாம். பையைத் தனியே எடைக் கருவியில் வைத்துப் பார்ப்பதால் பயன் குறைவு, ஏனென்றால் கருவி உழைக்க வேண்டியது 60, 70 கிலோ பகுதியில். முதலில் தனியாக ஏறுங்கள்; பிறகு பையைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள். வித்தியாசம் 9.8-க்கும் 10.2-க்கும் இடையில் இருந்தால் உங்கள் எடை வரம்பில் கருவி ஒழுங்காக இயங்குகிறது. இந்தச் சோதனை நிலையான கூட்டலையோ குறைத்தலையோ காட்டிக்கொடுக்காது. அதை அறிய முத்திரையிட்ட மருத்துவக் கருவி ஒன்றில், அதே உடையோடு, அதே வேளையில் எடை பார்த்து ஒப்பிட வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் வீட்டில் பார்த்த எண்ணை, மாலையில் செருப்போடும் கைப்பேசியோடும் மருத்துவமனையில் பார்த்த எண்ணோடு ஒப்பிட்டுவிட்டு வீட்டுக் கருவியைப் பழிப்பது நியாயமில்லை.

இடையில் ஒரு சிறு செய்தி. ஸ்பிரிங்கானாலும் உணரியானாலும் இந்தக் கருவிகள் அளப்பது புவி நம்மை இழுக்கும் விசையை. அந்த ஈர்ப்பு நிலநடுக்கோட்டைவிடத் துருவங்களில் ஏறத்தாழ அரை விழுக்காடு கூடுதல். 70 கிலோ எடையுள்ளவருக்கு அது சுமார் 350 கிராம் வித்தியாசமாகத் தெரியும். ஓர் இடத்துக்கென்று சரிசெய்யப்பட்ட கருவி வெகுதொலைவில் இருக்கும் இன்னொரு நாட்டில் சற்று மாறிக் காட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். எடைக்கு எடை வைத்து ஒப்பிடும் பழைய கோல் தராசுக்கு மட்டும் இந்தச் சிக்கல் இல்லை.

கருவி குறையின்றி இருந்தும் அளவு தவறுவதற்குத் தரையே காரணமாக இருப்பதுண்டு. கம்பளத்தின்மேல் வைத்தால் கால்கள் அமிழ்ந்து, கருவியின் அடிப்பகுதி தரையைத் தொட்டுப் பாரத்தில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்ளும். எடை குறைவாகத் தெரியும். ஓடு பதித்த தரையிலும் ஒரு கால் இணைப்புக் கோட்டின் பள்ளத்தில் விழுந்தால் கருவி ஆடும். கெட்டியான, சமமான ஓரிடத்தைத் தேர்ந்து, முடிந்தவரை அங்கேயே விட்டுவைப்பது சிறந்தது. நகர்த்திய பிறகும், சுவரில் சாய்த்துவைத்து மறுபடி படுக்கவைத்த பிறகும், புதிய டிஜிட்டல் கருவிகள் பலவற்றில் முதல் அளவீடு நம்பத்தக்கதன்று. ஒருமுறை காலால் அழுத்திவிட்டு, 0.0 தோன்றி அணைந்த பிறகு ஏறினால்தான் சுழி சரியாகப் பதிவாகும். கையேட்டின் ஏதோ ஒரு மூலையில் சிறிய எழுத்தில் இது இருக்கும், யாரும் படிப்பதில்லை. அடிப்புறத்தில் உள்ள கிலோ, பவுண்டு மாற்றுப் பொத்தான் தூக்கும்போது விரல் பட்டு மாறிவிடுவதும் உண்டு. 70 கிலோ ஒரே இரவில் 154 ஆகிவிட்டால் பதற வேண்டாம்.

நூறு கிராமுக்குக் கீழே பிரித்துக் காட்டும் கருவிக்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், நம் உடல்தான். ஒரே நாளில் எடை ஒரு கிலோ, சிலருக்கு இரண்டு கிலோ வரை ஏறி இறங்குவது இயல்பு. இரவு உறங்கும்போது மூச்சிலும் வியர்வையிலும் மட்டுமே சில நூறு கிராம் கழிந்துவிடுகிறது. உப்பு கூடுதலாகச் சேர்ந்த உணவுக்கு மறுநாள் உடல் தண்ணீரைப் பிடித்துவைக்கிறது. மாதவிடாய்ச் சுழற்சியிலும் அப்படியே. உடல் மாவுச்சத்தைக் கிளைக்கோஜனாகச் சேமிக்கும்போது ஒவ்வொரு கிராமுக்கும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரையும் சேர்த்தே வைக்கிறது. உணவுக் கட்டுப்பாட்டின் முதல் வாரத்தில் எடை மளமளவென்று இறங்குவதும், ஒரு விருந்துக்குப் பின் சட்டென்று ஏறுவதும் பெரிதும் இதனால்தான். மாறாக, ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறத்தாழ 7,700 கிலோகலோரி. நாளொன்றுக்கு 500 கிலோகலோரி குறைத்து உண்பவர் ஒரு வாரத்தில் சுமார் 450 கிராம் கொழுப்பைத்தான் இழக்க முடியும். ஒரு வாரத்தின் உண்மையான மாற்றம் அரைக் கிலோவும் இல்லை, ஒரு நாளின் ஊசலாட்டமோ ஒரு கிலோவுக்கு மேல் என்றால், 50 கிராம் நுணுக்கம் எதை அளக்கப் போகிறது? காலையில் எழுந்து, கழிப்பறை சென்று வந்து, எதுவும் உண்ணாமல் பருகாமல், ஒரே அளவு உடையில் எடை பார்த்து, ஏழு நாள் எண்களின் சராசரியை முந்தைய வாரச் சராசரியோடு ஒப்பிடுவதே அறிவுடைய வழி. அதற்குச் சுவரில் ஒரு தாளும் ஒரு பென்சிலும் போதும்.

ஸ்மார்ட் கருவிகளைப் பற்றி எனக்கு உள்ள ஐயங்கள் பல. இவற்றின் தட்டில் பதித்துள்ள உலோகப் பட்டைகள் வழியாக, பெரும்பாலும் 50 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட மிகச் சிறிய மின்னோட்டம் ஒரு காலில் ஏறி மறுகாலில் இறங்குகிறது. தண்ணீர் நிறைந்த தசை மின்சாரத்தை எளிதில் கடத்தும், கொழுப்பு அவ்வளவாகக் கடத்தாது என்பது இதன் அடிப்படை. இதுவரை அறிவியல்தான். ஆனால் பாதத்திலிருந்து பாதத்துக்குச் செல்லும் மின்னோட்டம் பெரிதும் கால்களையே அளக்கிறது. வயிற்றைச் சுற்றியுள்ள கொழுப்பைப் பற்றி அது நேரடியாக அறிவது மிகக் குறைவு. மிச்சத்தை நாம் பதிவுசெய்த வயது, உயரம், பாலினம் ஆகியவற்றைக் கொண்டு ஒரு சூத்திரம் ஊகிக்கிறது. செயலி காட்டும் தசை நிறை, எலும்பு நிறை, உடலின் வயது என்ற வரிசை முழுவதும் இப்படி ஒரேயொரு மின்தடை அளவிலிருந்தும் நாமே கொடுத்த விவரங்களிலிருந்தும் கணக்கிட்டுப் பெருக்கியவை. ஐயமிருந்தால், செயலியில் உங்கள் வயதைப் பத்து ஆண்டு கூட்டிப் பதிந்துவிட்டு மறுபடி ஏறிப் பாருங்கள்; உடலில் எதுவும் மாறாமலே கொழுப்பு விழுக்காடு மாறக்கூடும். ஈரப் பாதம், உலர்ந்த பாதம், தண்ணீர் குடித்த பின், உடற்பயிற்சி செய்த பின் என்று ஒவ்வொரு நிலையிலும் அந்த எண் இடம்பெயரும். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் இந்த மின்னோட்டக் கருவிகளைப் பயன்படுத்தக் கூடாது. கருவுற்றவர்களும் தவிர்க்குமாறு தயாரிப்பாளர்களே கையேட்டில் எச்சரிக்கிறார்கள்.

செயலியின் ஒரே உண்மையான நன்மை, எழுதிவைக்க மறக்கிறவருக்குத் தானாகப் பதிவு செய்துகொடுப்பது. அதற்காக வாங்குவதென்றால், மொபைல் அருகில் இல்லாதபோதும் எடையைத் தன் திரையிலேயே காட்டும் கருவியாகப் பார்த்து வாங்குங்கள். கணக்கு தொடங்கினால்தான் இயங்குவேன் என்று அடம்பிடிக்கும் கருவி, தயாரிப்பாளர் செயலியைக் கைவிடும் நாளில் வெறும் கண்ணாடித் தட்டாகிவிடும். ஏறத்தாழ ஒரே எடையுள்ள இருவர் ஒரு வீட்டில் இருந்தால், ஒருவர் கணக்கில் மற்றவர் எடையைச் சேர்த்துவிடும் குழப்பமும் இதில் நேரும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கடினப்படுத்திய கண்ணாடித் தட்டு பார்வைக்கு அழகு, துடைக்கவும் எளிது. ஆனால் ஈரக் காலோடு ஏறினால் வழுக்கும், ஓரத்தில் மிதித்தால் கவிழும். முதியவர்கள் இருக்கும் வீட்டுக்குச் சொரசொரப்பான மேற்பரப்பும் தாழ்ந்த உயரமும் பெரிய எழுத்தும் கொண்ட கருவி ஏற்றது. பிடித்துக்கொள்ளச் சுவரோ மேசையோ பக்கத்தில் இருக்கட்டும், ஆனால் எண் நிலைக்கும் நேரத்தில் கையை எடுத்துவிட வேண்டும். பேட்டரியில் நான் டிரிபிள் ஏ செல்லையே விரும்புவேன். சிஆர்2032 வகை வட்ட லித்தியம் செல் மெலிந்த கருவிகளுக்குப் பொருந்தும் என்றாலும், சிறு குழந்தை அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைக் கடுமையாக அரித்துவிடும். குழந்தைகள் உள்ள வீட்டில் செல் மூடி திருகு போட்டு மூடப்பட்டதா என்று பார்க்காமல் வாங்கக் கூடாது. பேட்டரி தளர்ந்த கருவி சில வேளைகளில் எச்சரிக்கை காட்டும் முன்பே தாறுமாறாக அளக்கத் தொடங்கும். எண்கள் காரணமின்றி அலைந்தால் முதலில் செல்லை மாற்றிப் பாருங்கள்.

நான் பரிந்துரைக்கும் எளிய கருவி போதாத சிலரும் உண்டு. இதயச் செயலிழப்பு உள்ளவர்கள், மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் எடை கூடினால் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும் என்று அறிவுறுத்தப்படுகிறார்கள். உடலில் நீர் தேங்குவதற்கு அதுவே முதல் அறிகுறி. அவர்களுக்கும் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கும் கருவி திரும்பத் திரும்ப ஒரே எண்ணைத் தருவது மட்டுமல்ல, மருத்துவமனைக் கருவியோடு ஒத்துப்போவதும் முக்கியம். மூன்றாம் வகுப்பு முத்திரையுள்ள கருவிக்குப் பணம் செலவிடுவது அவர்களுக்குத் தகும். கைக்குழந்தையின் எடைக்கும் எளிய கருவி உதவாது. குழந்தையை ஏந்திக்கொண்டு ஒருமுறையும் தனியே ஒருமுறையும் ஏறிக் கழித்துப் பார்ப்பது பலர் செய்வதுதான். இரண்டு அளவீடுகளிலும் நூறு நூறு கிராம் விலகினால் விடையில் 200 கிராம் பிழை வரலாம். பிறந்த குழந்தைக்கு முதல் சில மாதங்களில் நாளொன்றுக்குக் கூடும் எடையே ஏறத்தாழ 20 முதல் 30 கிராம்தான் என்பதால், ஒரு வாரத்து வளர்ச்சி முழுவதும் அந்தப் பிழைக்குள் மறைந்துவிடும். அதற்கு 10 கிராம் வரை பிரித்துக் காட்டும், குழந்தையைப் படுக்கவைக்கத் தட்டுள்ள தனிக் கருவிதான் வேண்டும்.